பெர்த் – எக்ஸ்மவுத் பயணம்: கிளம்பும் முன்

நண்பர்களே, மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் வரை சுமார் 1,250 கிலோமீட்டர். இருட்டிய பின் வண்டி ஓட்டப்போவதில்லை. அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும். ஹாஸ்டலில் பொது அறைப் படுக்கைதான், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள் (குறட்டை யாருடையது என்று சொல்ல மாட்டேன்). மங்கி மையா கடற்கரையில் டால்பின்கள் காலையில் கரையோரம் வரும். காலில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்காதீர்கள், அவற்றின் கண்ணை உறுத்தும்.

அப்புறம் எக்ஸ்மவுத் அருகே உள்ள நிங்கலூ பவளப்பாறை. திமிங்கலச் சுறா அருகே ஒரே நேரத்தில் 10 பேர்தான் நீந்தலாம். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகியே இருக்க வேண்டும். தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. தண்ணீரை வடிகட்டி மிகச் சிறிய கடல் உயிர்களைத் தின்னும் மீன் அது. கடிக்காது, ஆனால் வாலடி பலமாக விழும். நீச்சல் வராதவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம்.