புராசஸரைக் குறை, கார்டைக் கூட்டு

அன்புள்ள மச்சான்,

கேம் ஆடப் புதுக் கம்ப்யூட்டர் கட்ட நீ அனுப்பிய பாகங்களின் பட்டியல் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். இனி கம்ப்யூட்டர் விஷயம்.

புராசஸருக்கு ஏஎம்டி-யின் ரைசன் 7 9800எக்ஸ்3டி, கிராஃபிக்ஸ் கார்டுக்கு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060, 1440பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று போட்டிருக்கிறாய். ஒவ்வொன்றும் தனியாக நல்ல பொருள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உன் பணத்தில் பெரும்பங்கு புராசஸருக்குப் போகிறது, கார்டு பட்டினி கிடக்கிறது.

திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், புராசஸர் முதலில் ஆட்டத்தின் கணக்கைப் போடுகிறது: யார் எங்கே நகர்ந்தார்கள், எது எதில் மோதியது, எதையெல்லாம் வரைய வேண்டும். அதை வாங்கி வரைவது கார்டு. நொடிக்கு 144 ஃபிரேம் வேண்டுமென்றால் இரண்டும் தத்தம் வேலையை 7 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும். 1080பி-யிலிருந்து 1440பி-க்குப் போனால் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகின்றன. அந்தச் சுமை முழுக்கக் கார்டின் தலையில்தான் விழும், புராசஸரின் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால் சைபர்பங்க் மாதிரி கனமான ஆட்டத்தை 1440பி-யில் ஓட்டும்போது 5060 திணறும், 9800எக்ஸ்3டி அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

எக்ஸ்3டி சிப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வழக்கமான 32 எம்பி எல்3 கேஷோடு (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இன்னொரு 64 எம்பி அடுக்கி, மொத்தம் 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். ஆட்டத்துக்குத் தேவையான தரவு கேஷிலேயே கிடைத்துவிட்டால் ரேம் வரை போய்வர வேண்டாம். அந்தப் பயணத்துக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். வேலரண்டை 240 ஹெர்ட்ஸுக்கு மேல் ஆடுபவருக்கும், சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் பெரிய நகரம் கட்டுபவருக்கும் இந்தக் காசு வீணாகாது. சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) விட, திடீர் திடீரென்று வேகம் விழும் அந்த மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களில்தான் பலன் நன்றாகத் தெரியும். நீ ஆடுவதோ பெரும்பாலும் கதை ஆட்டங்கள்.

வாங்குவதற்கு முன் உன் பழைய மெஷினிலேயே ஒரு சோதனை செய். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, ஆட்டத்தின் நடுவே ஜிபியு, அதாவது கார்டின் பயன்பாட்டைப் பார். 97, 98 சதவீதம் என்று நின்றால் கார்டுதான் தடை. 60, 70-இல் தள்ளாடினால், ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பார். அப்போதும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் தடை புராசஸரில். மொத்த சிபியு (புராசஸர்) பயன்பாடு 40 சதவீதம்தான் என்று பார்த்து ஏமாறாதே, ஒரே ஒரு த்ரெட் (புராசஸரின் வேலை வரிசைகளில் ஒன்று) முழுக்க நிரம்பினாலும் ஆட்டம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். டிஎல்எஸ்எஸ் என்ற கார்டின் வசதியைப் போட்டால், உள்ளே குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவதால் கார்டின் சுமை குறைந்து புராசஸர் பக்கம் தடை நகரும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

என் முடிவு இதுதான்: ரைசன் 5 7600 புராசஸர், பி650 மதர்போர்டு, மிச்சமாகும் காசில் 16 ஜிபி 5060 டிஐ கார்டு, முடிந்தால் 5070. 7600-க்கு 6 கோர், 12 த்ரெட், 65 வாட். கூலர் பெட்டியிலேயே வரும். இந்த போர்டில் சிப் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதுச் சிப்புகள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இதை நான் நம்பக் காரணம் உண்டு. 2017-இல் முதல் ரைசனோடு வாங்கிய, முந்தைய ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் பலவற்றில், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி சிப் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டோடு ஓடியது. நீயும் இரண்டு வருஷம் கழித்து எக்ஸ்3டி ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். அப்போது பழைய சிப் உள்ளே இருக்கும்போதே புது பயாஸை ஏற்றிவிடு, அப்புறம் கழற்று.

ரைசன் 8600ஜி, 8700ஜி சிப்புகள் பக்கம் போகாதே. எல்3 கேஷ் 16 எம்பிதான், கார்டுக்குத் தரவு போகும் பாதையும் குறுகலான 8 லேன். தனிக் கார்டு போடுபவருக்கு அது நஷ்டம். இன்டெலில், 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தாலும் தொடாதே. அதிக வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லக் கெட்டது. 2024-இல் மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் வந்தது, ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அது சரிசெய்யாது. பணம் ரொம்பக் கையைக் கடித்தால் இன்டெலின் 12-ஆம் தலைமுறை 12400எஃப்-ஐ, பழைய வகை ரேமான டிடிஆர்4 போடும் போர்டோடு எடு. ரேம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் அது கௌரவமான வழிதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் 'ட்ரே' சிப் என்று பெட்டியில்லாமல் கொடுப்பார்கள். விலை குறையும், ஆனால் வாரண்டி கடைக்காரர் வாய்மொழிதான், கூலரும் இருக்காது. பெட்டியோடு வாங்கு.

7600-ஐ மாட்டும்போது: பின்கள் சிப்பில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. சிப்பின் முக்கோணக் குறியை சாக்கெட்டின் குறியோடு சேர்த்து, கையால் அழுத்தாமல் வை, தானே உட்காரும். லீவரை இறக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பயப்படாதே, கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறிக்கும். அதைத் தூக்கிப் போடாதே, வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். ரேம் 16 ஜிபி இரண்டு போதும், 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு). சிப்பிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடு. நாலு ஸ்டிக் போட்டால் வேகம் விழும்.

முதல் தடவை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பவரை நிறுத்திவிடாதே. பிறகு பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய். இல்லாவிட்டால் 6000 ரேம் பெரும்பாலும் 4800-லேயே ஓடும். இன்னொன்று: 7600-க்குள்ளேயே சின்ன கிராஃபிக்ஸ் இருப்பதால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினாலும் படம் வந்துவிடும், ஆட்டம் மட்டும் நத்தையாக நகரும். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

எந்த கேபினட் என்று நீ எழுதவே இல்லை. மே மாதத்து அறைச் சூட்டில் பெட்டியோடு வரும் கூலர் போதுமா, தனியாக ஒன்று வேண்டுமா என்பது முன்பக்கம் காற்று நுழைய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெயரை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்