கிராஞ்சிச் சுவரில் ஓர் உழவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பாட்டியின் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் ஏர் ஓட்டியவர். பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது இங்கேயே மாண்டார். கிராஞ்சி போர் நினைவிடச் சுவர்களில், கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டோர் நடுவே அவர் பெயரைத் தேட எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது (குடை கொண்டுபோங்கள், வெயில் சுடுகிறது). தகனம் செய்யப்பட்ட சுமார் 800 பேருக்குத் தனி நினைவுச்சின்னமும் உண்டு. பெரும்பாலோர் இந்தியப் படையினர். அன்று அங்கே வேறு தமிழ்க்குரல் கேட்கவில்லை. சிங்கப்பூர் வீழ்ந்த நாளை நினைவுகூரும் பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டித் தமிழாசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்லலாமே? பாட்டிக்குக் கடைசிவரை நினைவிருந்தது அண்ணன் விட்டுப்போன மாடுகளின் பெயர்கள்தான்.

வாசகர், ஈசூன்