தமிழ்ப் படங்களுக்கும் வேண்டும் திருச்சபையின் மதிப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு சென்சார் இருக்கும்போது கத்தோலிக்கர்களுக்கென்று தனியாகப் படங்களைத் தரம் பிரிப்பது எதற்கு என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். புதுச்சேரியில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் நான். இதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

சென்சார் வயதைச் சொல்கிறது. 2024 விதிகள் வந்த பிறகு யுஏ சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் படம் எதைக் கொண்டாடுகிறது என்பதை போஸ்டர் மூலையில் இருக்கும் எழுத்து சொல்லாது. ஏழெழுபது முறை மன்னிக்க வேண்டும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறேன். இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்கேலை அரிவாளாகப் பிடித்து, பக்கத்துப் பையன் கழுத்தில் வைத்து, பின்னணி இசையையும் வாயாலேயே போடுகிறான். சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். அவன் பார்த்தது வன்முறையை மட்டுமல்ல, பழிவாங்குகிறவன்தான் ஆம்பளை என்ற பாடத்தையும் சேர்த்துத்தான். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே அலைவதைக் காதல் என்று காட்டும் படங்களும் அப்படித்தான். அதில் ஒரு சொட்டு ரத்தம்கூட இருக்காது.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அம்மாக்கள் கேட்பார்கள்: "டீச்சர், அந்தப் படத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா?" படத்தைப் பார்க்காமல் நான் என்ன சொல்ல?

இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. தேசிய அளவில் படங்களைப் பார்த்து மதிப்பிட்டு, மக்களுக்குப் பட்டியல் தரும் அலுவலகம் வேண்டும் என்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1936-லேயே ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவில் அதற்கு முன்பே, படங்களைத் தரம் பிரிக்கும் கத்தோலிக்க அமைப்பான லீஜன் ஆஃப் டீசென்சி தொடங்கிவிட்டது. நம் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தின் திருவிழா நாளான டிசம்பர் 8-ஐ ஒட்டிய ஞாயிறன்று, கெட்ட படங்களைப் பார்ப்பதில்லை என்று அங்கே கோயில்களில் மக்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள்.

அந்த லீஜன் செய்த எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. இத்தாலிய இயக்குநர் ரொசெல்லினியின் ஒரு படத்தை அது கண்டனப் பட்டியலில் போட்டது. அதே ரொசெல்லினியின் வேறு இரண்டு படங்கள் 1995-ல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் இருக்கின்றன. கடவுள் நம்பிக்கை இல்லாத பசோலினி எடுத்த இயேசுவின் வாழ்க்கைப் படமும் அதில் உண்டு. ஆக, தடை போடும் பட்டியலாக இருந்தால் நாளைக்கு நாமே வெட்கப்பட வேண்டிவரும். காரணத்தை விளக்கி எழுதும் மதிப்பீடுதான் வேண்டும். அமெரிக்க ஆயர்கள் வகுத்த முறையில் எல்லோருக்கும் ஏ-1, வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் ஏ-2, பெரியவர்களுக்கு மட்டும் ஏ-3, பெரியவர்களிலும் சிலருக்கே எல், ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது ஓ. எழுத்தோடு ஏன் என்ற விளக்கமும் இருக்கும். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இங்கே ரிலீசாகும் படங்களைப் பற்றி அமெரிக்காவிலிருந்து யார் எழுதுவார்கள்?

புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே இதைச் செய்யலாம். சினிமாவை நேசிக்கிற, பிள்ளை வளர்க்கிற தம்பதிகள் சிலர், ஒரு கல்லூரி மாணவி, ஒரு குருவானவர் சேர்ந்த சிறு குழு போதும். குருக்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பெரிய படம் வந்தால் முதல் வாரத்திலேயே பார்த்து, தமிழில் பத்து வரி எழுதட்டும். குடி எவ்வளவு, வெட்டுக்குத்து எவ்வளவு, பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள், சாதிப் பெருமை பேசுகிறதா, நல்லது என்ன என்று அதில் இருக்கட்டும். நல்ல படத்தைத் தாராளமாகப் புகழட்டும். ஞாயிறு அறிவிப்போடு அதையும் வாசிக்கலாம், பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடலாம். ஓடிடியில் படம் வரும்போது மறுபடியும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில்தான் பார்க்கிறார்கள், அங்கே டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை.

பங்குப் பேரவைகள் வரும் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதும் வேலைக்கு என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
புதுச்சேரி