மாத்திரைக்கும் மனு போட வேண்டுமா?

கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறவள் நான். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் இந்தத் திட்டம் தொடங்கியது. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் என் பட்டியலில் இருக்கிறவர் ரிமாண்டில், அதாவது விசாரணைக் காவலில், சிறைக்குப் போய்விட்டால் அவரைத் தேடி நான் எங்கே போவது?

மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர். வயது 58. பிரஷரும் சுகரும் சேர்ந்தே உண்டு. வரப்புத் தகராறு கைகலப்பாகி, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பு யார் மேல் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். கைதானவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம், பரிசோதித்தார்கள். உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தார்களாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சிறையில் மனு கொடுத்து அவரைப் பார்க்கப் போன அவர் வீட்டு அக்கா, மஞ்சப்பையில் மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோயிருக்கிறார். வெளி மருந்தை உள்ளே விட முடியாது, டாக்டர் சீட்டு வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காவலரை நான் குறை சொல்ல மாட்டேன், யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டோடு மறுபடி போனால், டாக்டர் புதன்கிழமைதான் வருவாராம். அந்தப் புதன்கிழமை அண்ணனுக்கு வாய்தா. அவர் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் வந்துவிட்டுப் போய்விட்டார்.

தலைசுற்றிக் கழிவறையில் விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? கைதியைக் கூட்டிப்போகும் வழிக்காவலுக்கு ஆயுதப்படையிலிருந்து போலீஸ் வர வேண்டும். முதல் நாள் திருவிழா பந்தோபஸ்து, அடுத்த நாள் யாரோ மந்திரி வருகை. பதினெட்டாம் நாள் ஜாமீனில் வீட்டுக்கு வந்தவருக்கு நான்தான் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினேன். 190க்கு 110. கருவிதான் தப்புக் காட்டுகிறதோ என்று இன்னொரு தடவை சுற்றினேன். அதே கணக்கு. கால் வீக்கத்தில் செருப்பு நுழையவில்லை.

பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்னாகும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வலி எதுவும் காட்டாது, ஒருநாள் வாய் கோணும். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அதில் எத்தனை பேர் வீட்டில் பாதி தீர்ந்த அட்டை கிடக்கிறதோ!

உங்களிடம் எழுதக் காரணம், காவலில் இருக்கிற யாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். ரிமாண்டின்போது உங்கள் வழக்கறிஞர் கூட நிற்கிறார். "தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கட்டும். பதிலை மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லி, வாரன்ட்டோடு சிறைக்குப் போகிற மாதிரி செய்யட்டும். நோயாளிகளுக்கு ஜாமீன் கொடுக்க புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவில் இடமிருக்கிறதாமே, அதையும் அன்றைக்கே கேட்கலாம். அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று நாங்களே சொல்லிவிடுவோம். எல்லாம் எங்கள் பதிவில் இருக்கிறது.

வழிக்காவல் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். சிறையைப் பார்வையிடப் போகும்போது, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் சிறை நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அண்ணனின் மருத்துவச் சீட்டு நகல் இதோடு வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர்,
காவேரிப்பட்டணம் வட்டாரம்