உமையாளுக்கு, எடிட்டர் விஷயமாக

பள்ளத்தூர்,
ஐப்பசி

அன்புள்ள உமையாள்,

உன் மெயில் வந்தது. இத்தனை வருஷம் மீட்டிங், பட்ஜெட் என்று ஓடிவிட்டு மறுபடி புரோகிராம் கோடு எழுத உட்கார்ந்துவிட்டாயே, அதுவே பெரிய சந்தோஷம். "விம்மில் ஆட்டோகம்ப்ளீட்டுக்கு எந்த பிளகின் போடட்டும், இல்லை ஊரோடு ஒத்து விஎஸ் கோடுக்கே போய்விடட்டுமா?" என்று கேட்டிருந்தாய். கோடு எழுதுகிற எடிட்டர் விம்மோ விஎஸ் கோடோ, பாதி தட்டும்போதே மீதிப் பெயரை அதுவே எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு மேலே ஒட்டிக்கொள்கிற சின்ன புரோகிராம், அதாவது பிளகின், எது என்பதுதானே கேள்வி? போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சு மாப்பிள்ளை, மருமகள் என்று திரும்பிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. பங்காளிகள் எல்லோரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டு வீட்டு ஓட்டை மாற்றிவிட்டார்கள். இனி மழைக்கு வளவு முற்றத்தில் வாளி வைக்க வேண்டாம். முகப்பில் பெயர்ந்த இடங்களுக்கு ஆத்தங்குடியிலிருந்து தரைக் கல் வந்திருக்கிறது. பழைய டிசைனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, நிறம்தான் கொஞ்சம் தூக்கல். நடக்க நடக்கத் தணியும் என்கிறார் கொத்தனார். அப்பத்தா இருந்திருந்தால் தேங்காய் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் பங்குக்கு வந்த அறையைத்தான் ஆபீஸாக வைத்திருக்கிறேன். சுவர் உனக்குத் தெரிந்ததுதானே, போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். ஃபைபர் இழுத்தும், காற்றடித்தால் நெட் போகிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று அப்புறம் தெரியும்.

நீ கோடு எழுதுவதை விட்டதற்கும் இப்போதைக்கும் நடுவில் நடந்த பெரிய காரியம் என்று கேட்டால் நான் 2016-ஐத்தான் சொல்வேன். அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆள் உட்கார்ந்து பிளகின் எழுத வேண்டும். பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு பிளகின். விம்மில் 'யூகம்ப்ளீட்மீ' 2013-இல் வந்தபோது நான் போட்டுப் பார்த்தேன். தட்டத் தட்டத் தானே பட்டியல் விரியும், நடு எழுத்துகளை விட்டுவிட்டு அடித்தாலும் கண்டுபிடிக்கும். ஆனால் அதை கம்பைல் செய்து ஏற்றுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். 2016-இல் மைக்ரோசாஃப்ட், ரெட்ஹாட், கோடென்வி என்று மூன்று கம்பெனிகள் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்று ஒன்றை அறிவித்தார்கள். மொழியைத் தெரிந்துகொள்கிற வேலை தனி புரோகிராமுக்குப் போய்விட்டது, அதுதான் சர்வர். எடிட்டர் "இந்த ஃபைலில் இந்த வரியில் இந்த இடத்தில் நிற்கிறேன், என்ன வரலாம்?" என்று ஜேசான் என்ற பொது வடிவத்தில் எழுதிக் கேட்கும், சர்வர் பட்டியல் அனுப்பும். நூறு பிளகின் எழுத வேண்டிய இடத்தில் இருபது போதும்.

ஆக, விஎஸ் கோடுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அங்கே கிடைக்கிற பட்டியலில் பெரும்பாலானது உன் எடிட்டருக்கும் வரும். விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்மில் 2021-இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து இதற்கான ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. 0.11 பதிப்பில் தனி கம்ப்ளீஷன் பிளகின் இல்லாமலே ஓட்டலாம். நான் இன்னும் 'என்விம்-சிஎம்பி' என்ற பிளகினைத்தான் வைத்திருக்கிறேன், பழக்க தோஷம். விம்மை எழுதிய பிராம் மோலினார் 2023 ஆகஸ்டில் காலமானது உனக்குத் தெரியுமா? விம்மைத் திறந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி வருமே, அவர்தான்.

சர்வர் என்றதும் எங்கேயோ இருக்கிற மெஷின் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் லேப்டாப்பிலேயே ஓடும். நெட் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

நான் பைத்தான் மொழிக்கு 'பைரைட்' என்ற சர்வரை வைத்திருக்கிறேன். அடகுக்கடைக் கணக்கு புரோகிராம் ஒன்று என் கையில் இருக்கிறது, முன்பு வேறொருவர் எழுதியது. அதில் ஒரு ஃபங்ஷன் 'லோன்' என்று ஒன்றை வாங்கிக்கொள்ளும். அது என்ன வகை என்று எழுதியிருக்கவில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்தேன், ஒன்றும் வரவில்லை. பாவம், பைரைட்டுக்கு அது என்ன என்றே தெரியாது. தலைப்பு வரியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோலன் போட்டு, இது லோன் கிளாஸைச் சேர்ந்தது என்று ஒரு சொல் சேர்த்தேன். மறுபடி புள்ளி. அசல், அடகு வைத்த தேதி, நகையின் எடை, மீட்ட தேதி எல்லாம் வரிசையாக விழுந்தன. அடகு தேதி எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, தேதியாக அல்ல என்பதையும் அந்தப் பட்டியலின் ஓரத்தில்தான் பார்த்தேன். இப்படி வகையை எழுதி வைப்பதைத்தான் டைப் ஹின்ட் என்கிறார்கள். அதை எழுதுங்கள் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தார்கள், எனக்கு ஏறவில்லை. இந்தப் பட்டியல் ஏற்றிவிட்டது.

பிளகின் போட்டதும் உனக்கு வரப்போகிற முதல் கோபம் என்டர் கீ விஷயமாகத்தான் இருக்கும். நீ வரியை முடித்து என்டர் தட்டுவாய். அதற்குள் பட்டியல் விரிந்து முதல் பெயரில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வரிக்குப் போவதற்குப் பதில் அந்தப் பெயர் உள்ளே நுழைந்துவிடும். பல பேர் பிளகினை எடுத்தெறிவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். 'கம்ப்ளீட்ஆப்ட்' என்ற செட்டிங்கில் 'மெனுஒன்', 'நோசெலக்ட்' இரண்டையும் போட்டு வை. பட்டியல் வரும், ஆனால் நீ கை வைக்கிறவரை எதையும் தேர்ந்தெடுக்காது. ஏற்றுக்கொள்ள கன்ட்ரோல்-ஒய், வேண்டாம் என்றால் கன்ட்ரோல்-ஈ. இதெல்லாம் விம்மின் பழைய கீகள்தான். நான் இன்னும் ஒரு படி போய், பட்டியல் தானாக வருவதையே நிறுத்திவிட்டேன். கூப்பிட்டால்தான் வரும். யோசிக்கும்போது கண்ணுக்கு முன்னால் ஏதாவது விரிந்துகொண்டே இருந்தால் எனக்கு யோசனை ஓடாது. உனக்கு எப்படியோ, பழகிப் பார்.

இன்னொரு தொல்லை. சிஎம்பி மாதிரி பிளகின்கள் பல இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து ஒரே பட்டியலில் கொட்டும்: சர்வர் சொன்ன பெயர், திறந்திருக்கிற ஃபைல்களில் கண்ட சொல், ஃபோல்டர் பெயர் என்று. இதில் கண்ட சொல்லைக் காட்டுகிறதே, அதை நம்பாதே. முன்னால் எழுதியவர் வட்டிக்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். ஒரே ஒரு இடத்தில்தான் விட்டிருப்பார். கம்ப்ளீஷன் அதை விசுவாசமாக எல்லா ஃபைலுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. டேட்டாபேஸ் நெடுவரிசையின் பெயர் வரை அதே பிழை. இப்போது திருத்தினால் பழைய ரிப்போர்ட் எல்லாம் உடையும், அதனால் அப்படியே ஓடுகிறது. கோடு எழுதும்போது அந்த மூலத்தை அணைத்துவிட்டு, கடிதம், குறிப்பு எழுதும்போது மட்டும் திறந்து வை.

சரி, நீ உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று தெரியும்: ஏஐ. உன் ஆபீஸ் பிள்ளைகள் எல்லோரும் டேப், டேப் என்று தட்டிக்கொண்டே போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. கிட்ஹப் கோபைலட் 2021-இல் முன்னோட்டமாக வந்தது, விம்முக்கும் பிளகின் உண்டு. கர்சருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் முழு வரியோ முழு ஃபங்ஷனோ மங்கலாகத் தெரியும், டேப் தட்டினால் உன்னுடையதாகிவிடும்.

பார்க்க இரண்டும் கம்ப்ளீஷன்தான். ஆனால் பைரைட் காட்டுவது உன் கோடில் இருக்கிற பெயர்களை, இது காட்டுவது இருக்கக்கூடும் என்று ஊகித்ததை. எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவில் கடை எடுபிடியாக, பெட்டியடிப் பையனாக இருந்தவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? மேலாள் கை நீட்டுமுன் பேரேட்டை எடுத்து வைக்கிறவன் கெட்டிக்காரப் பையன். பேரேட்டில் தானே ஒரு தொகையை எழுதி வைக்கிறவனை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அதே அடகுக்கடை புரோகிராமில் வட்டி போடுகிற ஃபங்ஷனுக்குப் பெயரை மட்டும் எழுதி நிறுத்தினேன். சாம்பல் நிறத்தில் உடனே விழுந்தது: அசல், விகிதம், நாள் எண்ணிக்கை, 365-ஆல் வகுத்தல். பாடப் புத்தகத்தில் அச்சடித்தது மாதிரி அவ்வளவு சுத்தம். ஆனால் இந்தக் கடையில் மாதக் கணக்கு. மாதம் பிறந்து ஒரு நாள் போனாலும் அந்த மாத வட்டி முழுக்க உண்டு, முதல் மாதத்துக்கு மட்டும் வேறு விதி. அந்த விதி கோடில் எங்கேயும் இல்லை, கடைக்காரர் வாயில்தான் இருக்கிறது. உலகத்துக் கோடை எல்லாம் படித்ததற்கு அவர் வாய் எப்படித் தெரியும்? அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தப்பாக இருக்கும்போதும் அதே அழகோடுதான் எழுதுகிறது, எடிட்டர் சிவப்புக் கோடு போடாது, புரோகிராம் ஓடும், ரசீதும் அச்சாகும். நெட்டிலிருந்து இறக்கிப் போடுகிற பேக்கேஜ்களில், இல்லாத பெயரையும் இப்படித்தான் தைரியமாக எழுதிவிடுகிறது. அப்படிப்பட்ட பெயரில் யாராவது விஷமத்தை ஏற்றி வைத்திருந்தால், இன்ஸ்டால் செய்கிறவர் கதி என்ன?

அதற்காக நான் அதை ஒதுக்கிவிடவில்லை. எக்செல் தலைப்பு நாற்பதை டேட்டாபேஸ் பெயர் நாற்பதோடு பொருத்துவது, ஒரே மாதிரி டெஸ்ட்டைப் பத்து தினுசாக எழுதுவது, இதற்கெல்லாம் அதுதான் சரியான ஆள். முதல் இரண்டை நான் எழுதினால் மீதியை அது எழுதிவிடும். புதுவயல் ரைஸ்மில் ஒன்றின் ஸ்டாக் புரோகிராமில் அப்படித்தான் ஓட்டுகிறேன். அடகுக்கடை ஃபோல்டரில் மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். ஊகிப்பதற்காக நீ எழுதுவதைச் சுற்றியிருக்கிற கோடு வெளியே இருக்கிற சர்வருக்குப் போகிறது. யார் வீட்டு நகை எங்கே இருக்கிறது என்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய ரகசியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சோதனைக்காகப் போட்ட டேட்டாவில்கூட நிஜப் பெயர் இருக்கிறது. தவிர, நெட் போனால் சாம்பல் எழுத்து நின்றுவிடும், பைரைட் நிற்காது. எங்கள் சுவருக்கு அந்த வித்தியாசம் வாரத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைகள் இதனால் கெட்டுப்போகிறார்கள் என்று நீ எழுதியதில் எனக்குப் பாதிதான் சம்மதம். என்னிடம் காரைக்குடியிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வருகிறாள். மானுவலைத் திறந்ததே இல்லை. ஆனால் புள்ளி வைத்து, வருகிற பட்டியலை மேலிருந்து கீழ் வரை படிக்கிறாள். ஒவ்வொன்றின் மேலும் நின்று பக்கத்தில் விரிகிற விளக்கத்தையும் படிக்கிறாள். தேதி லைப்ரரி முழுவதும் அவள் அப்படிக் கற்றுக்கொண்டதுதான். டர்போ சியின் நீலத் திரையில் எஃப்1 தட்டி நாமும் இதைத்தானே செய்தோம்? சாம்பல் எழுத்தைப் படிக்காமல் டேப் தட்டுகிற பழக்கம் அவளுக்கும் இருக்கிறது. அதற்குத் திட்டு வாங்குகிறாள்.

என் கான்ஃபிக் ஃபைலை இதோடு அனுப்புகிறேன். பைரைட்டை மட்டும் முதலில் போட்டு ஒரு மாதம் ஓட்டு. ஏஐயை அதற்கப்புறம் சேர். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எது எதைச் சொல்கிறது என்று உனக்குப் புரியாது. இரண்டுக்கும் டேப்பையே கொடுக்காதே. நான் ஏஐக்கு கன்ட்ரோல்-ஜே கொடுத்திருக்கிறேன், கை தானாகப் போய்த் தட்டாத கீயாக இருப்பது நல்லது.

பெரிய அண்ணனின் சாந்தி விழாவைத் தையில் வைத்திருக்கிறார்கள். பத்திரிகை வரும், நீயும் அவரும் கட்டாயம் வர வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு ஓடிவிடாமல். தீபாவளிக்குச் செய்த மணகோலமும் சீப்புச் சீடையும் இருக்கிறது, திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். வீடு மாறப்போவதாகச் சொன்னாயே, மாறியாயிற்றா? பழைய முகவரிக்கே போடலாமா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
மீனா