முக்கூடல் அக்காவுக்கு

அக்கா,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ரெண்டு நீல டிக் விழுகிறது, அதோடு சரி. அதனால் இங்கே எழுதுகிறேன். உன் மகள் பார்ப்பாள், உனக்கு வாசித்துக் காட்டுவாள். என் துறையில் வேலை பார்க்கிறவர்களும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளும்கூடப் படிப்பார்கள். சில இடங்களில் பட்டும் படாமலும்தான் எழுத முடியும், கோவிக்காதே. ஏற்கெனவே கோவத்தில்தான் இருக்கிறாய், இதில் புதிதாக என்ன.

திங்கட்கிழமை தாவரவியல் துறைத்தலைவர் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். என் முறை வந்தது, வாங்கினேன். எம்.எஸ்ஸியும் பிஎச்டியும் இனி என் கையெழுத்தில் ஓடும். முதல் கையெழுத்து ஒரு பிள்ளையின் வாய்மொழித் தேர்வுத் தேதிக்கு. ரெண்டாவது, ஆய்வகத்தில் ஒழுகுகிற குழாய்க்கு. மாலைபோட வந்தவர்கள் போனபிறகு அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது உன்னிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீ எடுக்கவில்லை.

இந்த நாற்காலிக்கு வந்த வழி உனக்குத் தெரியும், பாதி வழிக்கு நீதான் காசு கொடுத்தாய். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மூன்றாவது தடவை தேறினேன். சுயநிதிக் கல்லூரியில் ஏழு வருஷம், சம்பளத்தைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். நடுவில் எம்.ஃபில். "எம்.எஸ்ஸி முடிச்சாச்சு, பெறகு எதுக்குட்டி இன்னொண்ணு?" என்று கேட்டுக்கொண்டேதான் பணத்தை எண்ணி வைத்தாய். அந்தப் படிப்பையே 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. நீ கேட்டது நியாயம்தான் போல.

ஆனால் நான் நினைத்துக்கொண்டே இருப்பது அதையெல்லாம் இல்லை. பீடிக்கடையில் நடந்த அந்த ஒரு நாளைத்தான்.

எனக்குக் கடைசி செமஸ்டர் பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டிய வாரம். ராத்திரி நீ சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் தலையை மடக்கினேன். புத்தகம் ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம். மறுநாள் கடையில் அந்த ஆள் கட்டு ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். ரெண்டு கைப்பிடி அளவுக்குக் கழித்து ஓரத்தில் தள்ளினார். உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவர் கண் பீடியின் தலையிலேயே இருந்தது. கழித்ததைத் திருப்பித் தருவதும் இல்லை, காசும் இல்லை.

அது எல்லாம் நான் மடக்கினது. தூக்கத்தில் மடக்கினது. தலை பிரிந்து தூள் கொட்டியதைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது, உனக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும். நீ சொன்னாய்: "ரெண்டு நாளா மேலுக்குச் சரியில்ல அண்ணாச்சி, என் கைதான்." பாஸ்புக்கை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாய். வீடு வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தெருவாசலில் நின்று நீ கேட்டாயே, அதுவரைக்கும்.

"ஏட்டி, எட்டு எடம் இருக்குல்லா? ஒண்ணு எம்புள்ளைக்குக் குடுக்க ஒனக்கு மனசு வரலைலா? அன்னைக்குக் கடையில கழிச்சானே, அவனும் ஒன்ன மாதிரிதான், மொகத்தப் பாக்காமக் கழிச்சான்."

எட்டு இடம் உண்டு. பேராசிரியருக்கு எட்டு ஆய்வு மாணவர் வரை என்பது விதி. ஒன்று காலியாக இருந்ததும் நிஜம். ஆனால் சொந்த அக்கா மகளை நானே எனக்குக் கீழே எடுத்துக்கொள்ள முடியாது. முன்னாலேயே எழுதிக்கொடுத்துவிட்டுத் தேர்வுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. எழுத்தில் அவள் நன்றாகத்தான் செய்திருந்தாள். உள்ளே என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதக்கூடாது. முழுசாக எனக்குத் தெரியவும் தெரியாது. அந்த நேரம் முழுக்க ஹெர்பேரியம் அறையில், காய்ந்த செடி ஒட்டின தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே திரும்பவும் அடுக்கினேன்.

இதுவரைக்கும் எழுதியதை என் துறையில் யார் படித்தாலும் தலையாட்டுவார்கள். மிச்சத்தை எழுதத்தான் ரெண்டு வருஷம் ஆனது.

அவளுக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. சித்தி வாங்கிக் கொடுத்த சீட் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நிம்மதிக்கு அப்புறம்தான் வருத்தம் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்தபோது நீங்கள் எல்லாரும் பாளையங்கோட்டையில் என் வீட்டில் நாலு நாள் இருந்தீர்களே, கரண்டு இல்லாமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தான் சீட்டாடிக்கொண்டு. அப்போது அவளுடைய ஆய்வுத் திட்டம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. படித்தேன். பொதிகை மலையின் மருத்துவத் தாவரங்கள். எங்களுக்கு வருகிற பத்து விண்ணப்பத்தில் குறைந்தது நாலு அந்தத் தலைப்பாக இருக்கும். எந்தச் செடி, எந்த இடம், எதற்காக என்று ஒன்றும் இல்லை. இது தேறாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சொன்னால் உதவி செய்ததாக ஆகிவிடுமோ என்று தாளை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு சித்தி தன் பிள்ளையிடம் "இது நல்லா இல்லட்டி, மாத்தி எழுது" என்று சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதை நானே போட்டுக்கொண்டேன். இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். குழுவிலிருந்து விலகியதற்குக் கேட்கமாட்டேன்.

கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் "எம் பீடியில படிச்சவ" என்று என்னைக் காட்டிச் சொல்வாயே, அதையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடிக்காது. பொய் இல்லை, ஆனாலும் பிடிக்காது. எட்டாம் வகுப்போடு உன்னை நிறுத்தியது அப்பா, நான் இல்லை. எனக்கு அப்போது ஆறு வயசு. ஒவ்வொரு தடவை நீ அதைச் சொல்லும்போதும் ஏதோ நான் உன் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நானும்தான் மடக்கினேன். மோசமாக மடக்கினேன், சரி.

எம்.எஸ்ஸி முதல் வருஷம் வீட்டுக்கு ஓடிவந்து உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கா? நீ வெட்டுகிற இலைக்கு டயோஸ்பைரஸ் மெலனாக்சைலான் என்று பெயர், கருங்காலிக் குடும்பம், மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வெயில்காலத்தில் பறித்துக் காயவைத்து நம் ஊருக்கு வருகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நீ கத்தரியை நிறுத்தாமல், தடித்த நரம்பை ஒதுக்கி வெட்டிக்கொண்டே கேட்டாய்: "பேரு தெரிஞ்சா இலை கிழியாம இருக்குமா?" இதை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். யார் சொன்னது என்று சொன்னதில்லை. இந்த வருஷம் சொல்கிறேன்.

வேறொரு பல்கலைக்கழகத்துக்கு அவள் திரும்ப விண்ணப்பம் போடுகிறாளாம், அத்தான்தான் சொன்னார். அவரைத் திட்டாதே. தலைப்பு இன்னும் அகப்படவில்லையாம். மழைக்காலத்தில் மூட்டைக்குள் இலை பூசணம் பிடிக்குமே, நீ கையை விட்டு அள்ளி, மோந்து பார்த்தே எது தேறும், எது தேறாது என்று பிரித்துப் போடுவாய். எந்த மூட்டையில் முதலில் பிடிக்கும், எத்தனை நாளில் பிடிக்கும், வெயிலில் போட்டால் போகுமா, நனைத்த துணியால் வருகிறதா? எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் ஒரு பூஞ்சைப் பெயரைச் சொல்வார்கள், மற்றது தெரியாது. இதையெல்லாம் அவளிடம் ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லு. எழுதிக்கொள்ளச் சொல்லு.

நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே. ஆனால் இதை உனக்கு வாசித்துக் காட்டுவதே அவள்தானே. சரி, போகட்டும்.