சர்க்கரை கொடுக்கும் முன் ஒரு சிரிஞ்சு ரத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு இருட்டோடு கிளம்புகிறவரோ, திருவொற்றியூரில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரோ வெறும் வயிற்றில் வேர்த்து, பேச்சுக் குழறி விழுந்தால் ‘பசி மயக்கம்’ என்கிறோம். வெட்டி இழுத்தால் வலிப்பு மாத்திரை ஆரம்பமாகிவிடுகிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை நோயே இல்லாதவருக்கு இது திரும்பத் திரும்ப வந்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிகிறதென்றால், கணையத்தில் இன்சுலினை அடங்காமல் சுரக்கும் இன்சுலினோமா என்ற கட்டியைத் தேட வேண்டும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்று முதல் நான்கு பேருக்கே வரும் அபூர்வக் கட்டி. பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல. அறுவையில் எடுத்தால் தீர்ந்துபோகும்.

தடயம் அழிவது மருத்துவமனையில் முதல் ஐந்து நிமிடத்தில்தான். குளுக்கோஸ் ஏறிய பிறகு எடுக்கும் ரத்தம் எதையும் சொல்லாது. ஊசி குத்தியதும் அதன் வழியே ரத்தம் எடுத்துக்கொண்டு, உடனே குளுக்கோஸை ஏற்றலாம். ரத்தம் வரவில்லையா, காத்திருக்கக் கூடாது, உயிர்தான் முதலில். சாம்பல் மூடிக் குழாய் குளுக்கோஸுக்கு, சிவப்பு மூடி இன்சுலினுக்கும், கணையம் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடுக்கும். சிவப்புக் குழாயிலேயே சர்க்கரையும் பார்த்தால், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ரத்த அணுக்கள் அதைக் கரைத்து, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். குலுக்கி அணுக்கள் உடைந்தால் இன்சுலின் குறைந்து தெரியும். குளுக்கோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு; தாழ்ந்த அளவுகளில் அது துல்லியமில்லை.

குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 55 மி.கி.க்குக் கீழே இறங்கியபோதும் மில்லிலிட்டருக்கு இன்சுலின் 3 மைக்ரோயூனிட், சி-பெப்டைடு 0.6 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அடங்க வேண்டிய இன்சுலின் அடங்கவில்லை. இன்சுலின் கூடி, சி-பெப்டைடு மட்டும் தாழ்ந்திருந்தால் அது வெளியிலிருந்து போட்ட ஊசி. வீட்டுப் பெரியவரின் சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமிபிரைடைத் தெரியாமல் விழுங்கியிருந்தாலும் கட்டியைப் போலவே எண்கள் வரும். அதனால் அந்த வகை மாத்திரைகளை ரத்தத்தில் தேடும் சல்போனைல்யூரியா பரிசோதனையும் கட்டாயம்.

மயக்க நேரத்தில் சிக்காவிட்டால், வார்டில் சேர்த்து 72 மணி நேரப் பட்டினிச் சோதனை செய்வார்கள். பலருக்கு 48 மணிக்குள்ளேயே சர்க்கரை இறங்கிவிடும். வீட்டில் முயல்வது ஆபத்து.

ஸ்கேன் இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் ஸ்கேன் எடுத்து, ‘நார்மல்’ என்று வந்ததும் பைலை மூடுவதே பெரிய பிழை. கட்டி பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியது, சாதாரண வயிற்று சி.டி.யில் தப்பிவிடும். கணையத்துக்கென்றே, ஊசியில் ஏற்றும் சாய மருந்து தமனிகளில் ஓடும் கட்டத்தோடு எடுக்கும் சி.டி. வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட்.

வடசென்னையின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) வைக்கும் டிரேயிலேயே ஒரு சாம்பல் குழாயையும் ஒரு சிவப்புக் குழாயையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை.